இருசாயி எண்ணிய எழுபது

இருசாயி அக்காவைப் பற்றி எழுதத் தகுதியானவர்களை வரிசையில் நிறுத்தினால் நான் கடைசியில்தான் நிற்பேன். அவருடைய வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம், அவர் சரியாகச் சொன்னதைத் தப்பாக எழுதிக்கொண்டது. ஆனால் வேறு யாரும் எழுதப் போவதாகத் தெரியவில்லை. கொல்லிமலை அடிவாரத்தில் கடலைக்காய் அளக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எந்தப் பேப்பரில் போடுவார்கள்? அதனால் நானே எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டத் தோன்றினால் என்னைத் திட்டுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

அவர் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மலையடிவாரத்தில் ஒரே ஊருக்குள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணவர் மாதன் கட்டட வேலைக்குப் போனவர். "பத்து வருசமாக் கட்டறேன், என் சாரம் ஒண்ணு சரிஞ்சதில்ல" என்று சொல்லித்தான் மேஸ்திரி அவரை மூன்றாவது மாடிக்கு ஏற்றினாராம். பதினோராவது வருஷம் சரிந்தது. மகள் இளமதிக்கு அப்போது நான்கு வயது.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கிடைத்த வேலை கந்தப்பன் காட்டில் காய் அளப்பது. கந்தப்பன் அந்த ஊரில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்பவர். கடலைக்கொடியைப் பிடுங்கிக் காய் ஆயும் பெண்கள் ஆளுக்கொரு குவியல் வைத்திருப்பார்கள். சாயங்காலம் ஒவ்வொரு குவியலையும் வள்ளம் என்கிற படியால் அளந்து, இத்தனை வள்ளத்துக்கு ஒரு வள்ளம் கூலி என்று கொடுப்பார்கள். அளக்கிறவர் கை கொஞ்சம் தளர்ந்தால் நிலத்துக்காரருக்கு நஷ்டம், கொஞ்சம் இறுகினால் கூலிக்காரிக்கு நஷ்டம். சண்டை வராத களம் கிடையாது. இருசாயி அளந்த களத்தில் மட்டும் பதினைந்து வருஷம் சண்டை வரவில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து.

நான் அங்கே போனது 2001ஆம் வருஷம், கார்த்திகை மாதம். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சென்னையில் பிறந்து, புள்ளியியல் படித்து, ஒரு வானாய்வுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தலைக்கனம் வேறு நிறைய இருந்தது. விண்வெளிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் ஒரு பெட்டியை எங்கள் கூடம் செய்துகொண்டிருந்தது. பெட்டி பாராசூட்டில் இறங்கும். பாராசூட்டை ஒரு கயிறு கட்டிப் பிடித்திருக்கும். குறித்த நேரத்தில் ஒரு சின்னப் பூட்டு அந்தக் கயிற்றை வெட்டிவிட வேண்டும். உள்ளே சாவி கொடுத்த கடிகார வில்லும் ஒரு கத்தியும், கொஞ்சம் மசகு எண்ணெயும். அவ்வளவுதான் பூட்டு. அது வெட்டாவிட்டால் பாராசூட் வெறும் துணி மூட்டை.

அது எத்தனை தடவைக்கு ஒரு தடவை காலை வாரும் என்று கண்டுபிடிப்பது என் வேலை. ஐம்பத்தொன்பது பூட்டைச் சோதித்து ஒன்றுகூடத் தப்பவில்லை என்றால், நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தப்பாது என்று கையெழுத்துப் போடலாம். அப்படிப் போடும் தைரியமும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துதான். இருந்தாலும் உலகம் முழுக்க அந்தத் தைரியத்தில்தான் வண்டி ஓடுகிறது. நான் ஒன்று கூடவே வைத்து, அறுபது என்று முடிவு செய்தேன். நாளைக்கு ஆறு, பத்து நாள்.

இடம், மலைமேல் செம்மேட்டிலிருந்து ஜீப்பில் அரை மணி தூரத்தில் ஒரு பாறை விளிம்பு. அங்கிருந்து கல் கட்டிய மூட்டையைப் போட்டால் நேராகக் கீழே போகும். நாலு விநாடியில் பூட்டு வெட்ட வேண்டும், சின்னப் பாராசூட் விரிய வேண்டும். போடுவதற்கு, மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியைச் சேர்ந்த அருள். கீழே நின்று விரிந்ததா இல்லையா என்று பார்த்து வாக்கிடாக்கியில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றபோது ஊரே கை காட்டியது இருசாயி அக்காவைத்தான். எண்ணிக்கை என்றால் அவரைத் தவிர வேறு யார்?

நான் உட்கார்ந்தது ஒரு கொட்டகையில். அருள் நிற்கும் விளிம்புக்கும் அதற்கும் நடுவே ஒரு மேடு. எழுந்து நாலு எட்டு நடந்தால் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு மலை முழுக்கப் பனி, கை விறைக்கும். நான் ஸ்வெட்டரும் மப்ளருமாக டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நகராமல் இருந்தேன். பத்து நாளும் அப்படித்தான்.

பூட்டுகள் நாளுக்கொரு அட்டைப் பெட்டியில் ஏழேழாக வந்தன. ஆறு சோதனைக்கு, ஒன்று உபரி. வழியில் ஒன்று உடைந்தால் மாற்றுவதற்கு. இதை நான் அருளிடம் சொன்னதாகத்தான் இன்றுவரை நினைப்பு. சொல்லவில்லை என்கிறார் அவர். அவர் சொல்வதுதான் உண்மையாக இருக்கும்.

முதல் நாள் காலை வாக்கிடாக்கி கரகரத்தது.

"லாபம்... விரியலீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. லாபமாம்! உபரிக்கு இந்த ஊரில் இப்படி ஒரு பெயரா என்று ரசித்தேன். காற்று எப்படி அடிக்கிறது என்று பார்க்க உபரியைச் சும்மா தூக்கி வீசியிருப்பார்கள், சாவிகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள், அப்புறம் எங்கே விரியும் என்று நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். முக்கால் மணி கழித்து, பனி விலகிய பிறகு, "ரெண்டு, விரிஞ்சுதுங்க" என்று வந்தது. அதைத் தாளில் ஒன்று என்று எழுதினேன். ஏழு வரை போனது. தாளில் ஆறு. எல்லாம் விரிந்தவை.

ஒரு பட்டனை அமுக்கி, "லாபம்னா என்னக்கா?" என்று கேட்க மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடியை நான் பத்து நாளும் செலவழிக்கவில்லை, சில நாள் லாபமும் விரிந்தது என்று வந்தபோதுகூட.

பத்தாம் நாள் தாளில் அறுபது, தவறு பூஜ்யம். அறிக்கை போனது. அடுத்த கட்டம் நிஜப் பெட்டி. பலூனில் ஆறு கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய், அங்கே பலூன் கயிற்றை வெட்டி, அடிவாரத்துக் காட்டில் இறக்குவது. எண்பது கிலோ பெட்டி, உள்ளே அழுத்தி அடைத்த காற்று உருளைகள். பாராசூட் விரியாமல் மோதினால் உருளை வெடித்துச் சிதறும். பெரும்பாலும் முள்ளுக்காடும் தரிசும்தான். ஆள் இருக்கிற இடம் ஒன்றுதான், கந்தப்பனின் கடலைக்காடு. அந்த வருஷம் மழை பிந்தியதால் அறுவடை மார்கழிக்குத் தள்ளிப்போயிருந்தது. பெட்டி அந்தக் காட்டுப் பக்கம் விழ இருபதில் ஒரு வாய்ப்பு. பூட்டு தப்ப அதிகபட்சம் இருபதில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால் நானூற்றில் ஒன்று. எங்கள் கூடத்தின் எல்லைக்குள் மயிரிழையில் வந்தது. ஆட்களை வெளியேற்றத் தேவையில்லை என்று எழுதினேன். "பொதுமக்களுக்கு எவ்வித ஆபத்தும் இல்லை" என்று நோட்டீஸ் அடித்து, கீழே சசிதரன் என்று கையெழுத்திட்டு ஊருக்குள் கொடுத்தேன். கந்தப்பன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பலூன் நாள். நான் அதே பாறை விளிம்பில் பைனாகுலரோடு நின்றேன். இந்தத் தடவை கொட்டகைக்குள் ஒளிய முடியாது. ஜீப்பில் பெரிய வயர்லெஸ். அதன் மறுமுனையில் பலூன் மைதானத்தில் எங்கள் தலைவர் தரணிதரன் சார். கீழே, கந்தப்பன் காட்டுக்கு எட்டின தூரத்தில் கரடு என்கிற சின்னக் குன்றின் மேல் இருசாயி அக்கா, பெட்டி எங்கே இறங்குகிறது என்று பார்த்துச் சொல்ல. பைனாகுலரில் கடலைக்காடு தெளிவாகத் தெரிந்தது. நாற்பது பெண்கள் குனிந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இளமதியும் அதில் ஒருத்தி. பத்தொன்பது வயது, பச்சைத் தாவணி.

பலூன் வானத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. பதினோரு மணிக்கு வெட்டு. மணி பத்து முப்பத்தைந்து.

"சார், அங்க மேல குளுருங்களா?" என்று கேட்டார் அக்கா.

"பயங்கரக் குளிர்க்கா. ஐஸ் கட்டி மாதிரி. ஏன்?"

"பொட்டி விரியுமுங்களா?"

"அறுபதுக்கு அறுபதும் விரிஞ்சுதே, நீங்கதானே எண்ணினீங்க. பயப்படாதீங்க."



"எழுவதுங்க."

"இல்லக்கா, அறுபது."

"நாளைக்கு ஏழு, பத்து நாளு. எழுவதுங்க. அதுல அஞ்சு விரியலீங்களே, நாந்தான் சொன்னனுங்களே."

"அது அந்த உபரிக்கா. நீங்க லாபம்னு சொல்வீங்கல்ல, சும்மா வீசறது. அது கணக்குல வராது."

"உபரியுமில்ல ஒண்ணுமில்லீங்க. லாபம்னா ஒண்ணுங்க சார். மொத வள்ளத்த ஒண்ணுன்னு சொல்ல மாட்டம், லாபம்னுதான் சொல்லுவம். களத்துல எல்லாரும் அப்பிடித்தானுங்க எண்ணுவம். அருளு சாவி குடுத்து, பூட்டி, ஒழுங்காத்தான் போட்டாரு."

பக்கத்தில் நின்ற அருளைப் பார்த்தேன். "ஏழு குடுத்தீங்க, ஏழும் போட்டேன்" என்றார் அவர். எழுபதில் ஐந்து. பதினாலில் ஒன்று. இருபதில் ஒன்று என்று கையெழுத்துப் போட்டவன் நான். மோசம்தான், ஆனால் தலை போகிற மோசம் இல்லை என்று மனசு ஓடி ஒளிய இடம் தேடியது. அக்கா விடவில்லை.

"அஞ்சும் லாபத்துலதானுங்க. பனி வெலகுன பொறவு போட்டது ஒண்ணுகூடத் தப்புலீங்க. ராத்திரியெல்லாம் குளுருல கெடந்து, விடிஞ்சும் விடியாம போடுற மொத பூட்டுதான் மக்கர் பண்ணுச்சு. பத்து நாள்ல அஞ்சு. அதானுங்க கேட்டேன், மேல குளுருங்களான்னு."

மசகு. குளிரில் மசகு இறுகியிருக்கிறது. மேலே ஆறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற குளிருக்குக் கொஞ்சமாவது கிட்டத்தில் வந்த சோதனை, நான் தள்ளிவிட்ட அந்தப் பத்து மட்டும்தான். வெயிலில் காய்ந்த அறுபதை வைத்துக்கொண்டு பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன். பதினாலில் ஒன்று அல்ல, இரண்டில் ஒன்று.

வயர்லெஸ்ஸைப் பிடுங்கித் தரணிதரன் சாரிடம் கொட்டினேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீதானே கையெழுத்துப் போட்டே?"

"ஆமா சார். தப்பு. வெட்டாதீங்க சார்."

"வெட்டாம விட்டா பலூன் மலையைத் தாண்டி ரோட்டுப் பக்கம் போயிடும். இன்னைக்கு அங்க சந்தை. ஆயிரம் பேர் இருப்பாங்க. அஞ்சு நிமிஷம் தள்ளிப் போடறேன், அதுக்கு மேல முடியாது. பதினொண்ணு அஞ்சு. அந்தக் காட்டைக் காலி பண்ணு."

அவர் சொன்னதில் தப்பில்லை. மணி பத்து நாற்பத்தேழு. பூட்டு இரண்டில் ஒன்று, காடு இருபதில் ஒன்று. பெருக்கினேன். இந்தச் சமயத்திலும் பெருக்கினேன், கை அப்படிப் பழகிவிட்டது.

"அக்கா, ஆளுங்களை வெளிய அனுப்பணும். உடனே. நாப்பதுல ஒண்ணுக்கா."

"நாப்பதுல ஒண்ணா?" அக்காவின் குரல் மாறிவிட்டது. "அந்த ஒண்ணு யாருங்க?"

"அப்படி இல்லக்கா..."

"நாப்பது பேரு இருக்கறாங்க. என்ற புள்ளையும் இருக்கறா. அந்த ஒண்ணு யாருன்னு சொல்ல முடியுமா, முடியாதா?"

"முடியாதுக்கா."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் கரட்டிலிருந்து இறங்கி ஓடுவது பைனாகுலரில் தெரிந்தது. நாற்பது தடவை போட்டால் ஒரு தடவை நடக்கும் என்பதுதான் நான் சொன்னதற்கு அர்த்தம். அவர் புரிந்துகொண்டது நாற்பது பேரில் ஒருத்தி என்று. விளக்க நேரமில்லை. விளக்கவும் தோன்றவில்லை. எது சரியான அர்த்தம் என்று அந்த நிமிஷம் எனக்கே சந்தேகமாக இருந்தது.

வாக்கிடாக்கியின் பட்டனை அமுக்கியபடியே ஓடியிருக்கிறார். மூச்சு இரைப்பது கேட்டது. பிறகு அவர் கத்துவது.

"எல்லாரும் எந்திரிங்க! காட்ட விட்டு வெளிய போங்க! மேல இருந்து வர்ற பொட்டி விரியாமப் போனாலும் போயிருமாம்!"

சிலர் எழுந்தார்கள். கந்தப்பன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். மேற்கே மேகம் கூடியிருந்தது. பிடுங்கிப் போட்ட கொடி மழையில் நனைந்தால் காய் கறுத்துவிடும். ஒரு வருஷத்துப் பாடு அது.

"ஏ இருசாயி, ஆபத்து இல்லைன்னு ஆபீசரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காரு. இதோ இருக்குது பாரு" என்றார். காகிதம் சரசரக்கும் சத்தம்கூடக் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்கா பட்டனை விட்டதும், "அவருகிட்ட குடுங்கக்கா!" என்றேன்.

"ஏனுங்க சார், சொல்லுங்க" என்றார் கந்தப்பன்.

"நான்தான் அந்த நோட்டீஸ் எழுதினவன். அது தப்பு. ஆளுங்களை அனுப்பிடுங்க."

"நேத்து எழுதுனது நெசமுங்களா, இன்னைக்குச் சொல்றது நெசமுங்களா?"

"இன்னைக்குச் சொல்றது."

"அப்ப பொட்டி இங்கதான் விழும்னு உறுதியாச் சொல்லுவீங்களா?"

சொல்லியிருக்க வேண்டும். ஆமாம், உங்கள் தலையில்தான் விழும் என்று புளுகியிருக்க வேண்டும். படிப்பு விடவில்லை. "உறுதியா இல்லீங்க. நாப்பதுல ஒரு வாய்ப்பு" என்றேன்.

"அப்ப முப்பத்தொம்பது தடவ ஒண்ணும் ஆகாது. மழ வருதுங்க சார், மழ உறுதி" என்றார் கந்தப்பன். அவரை இன்றைக்கும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. பெண்களைப் பார்த்து, "உக்காந்து வேலையப் பாருங்க" என்றார். எழுந்தவர்களும் உட்கார்ந்தார்கள். இருசாயி அக்கா மட்டும், அவர் திருப்பிக் கொடுத்த வாக்கிடாக்கியின் பட்டனை அமுக்கியபடி, நடுக்காட்டில் நின்றுகொண்டிருந்தார்.

மணி பத்து ஐம்பத்தெட்டு.

கொல்லிமலைப் பாறைகளில் பெரிய மலைத்தேனீ அடை அடையாகத் தொங்கும். பருந்து மோதியோ புகை பட்டோ கலைந்தால் அடிவாரம் வரை வந்து துரத்தும். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஊரில் ஒரு மாட்டைக் கொன்றிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் எதற்கும் பயப்படாமல் இருப்பார்கள், தேனீ என்றால் மட்டும் கேள்வி கேட்காமல் ஓடுவார்கள்.

"தேனு கலஞ்சிருச்சு!" என்று வீறிட்டார் அக்கா. "மலந்தேனு வருது! ஓடுங்க, ஓடுங்க!"

முந்தானைகள் தலையில் ஏறின. குவியல், சோற்றுத் தூக்குப்போசி, செருப்பு எல்லாம் கிடந்த இடத்தில் கிடக்க, கூட்டம் ஊரைப் பார்த்துப் பறந்தது. முதலில் ஓடியவர் கந்தப்பன். நான் மேலே நின்று சிரித்துவிட்டேன். அதே மூச்சில் கண்ணீரும் வந்தது. பதினைந்து வருஷத்தில் ஒரு வள்ளம் கூடக் குறைத்துச் சொல்லாத வாய் அது. ஊரறிய முதல் பொய் சொன்னது, என் கையெழுத்தை அழிப்பதற்காக.

காடு காலியாகிவிட்டது என்று நினைத்தேன். பைனாகுலரை நகர்த்தினால் நடுவில் ஒரு பச்சைத் தாவணி. இளமதி ஓடவில்லை.

"அம்மா, நீ ஏன் தலைய மூடல? தேனு வரல. நீ பொய்யி சொல்ற."

"வா கண்ணு, அப்பறம் சொல்றேன்."

"எல்லாத்தையும் ஏமாத்தி ஓட உட்டுட்டயே. நாளைக்கு நம்மள யாரு மதிப்பா? நான் வரல."

அம்மாவை நன்றாகத் தெரிந்த ஒருத்தியிடம் மட்டும் அந்தப் பொய் செல்லவில்லை. மணி பதினொன்று மூன்று. நான்கு. "அக்கா, இழுத்துட்டு ஓடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா வாக்கிடாக்கியைக் கீழே போட்டுவிட்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது. பைனாகுலரில் சத்தமில்லாமல் தெரிந்தது. மகளின் கையை அவர் பிடித்து இழுக்கிறார், அவள் உதறுகிறாள், மறுபடி பிடிக்கிறார்.

"வெட்டியாச்சு" என்றார் தரணிதரன் சார்.

கையிலிருந்த நிறுத்தக் கடிகாரத்தை அமுக்கினேன். நாற்பத்தைந்தாவது விநாடியில் பூட்டு வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் இன்னும் ஒரு நிமிஷத்துக்குள் தரை. முப்பது. கடலைக்கொடி காலில் சிக்கி இளமதி விழுந்தாள். நாற்பது. அக்கா அவளைத் தூக்கவில்லை, அவள்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். நாற்பத்தைந்து. வானத்தில் கறுப்புப் புள்ளி, அது அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. அருள் என் தோளைப் பிடித்தது வலித்தது. நாற்பத்தெட்டு. எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்துபோனது. ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டில் அந்தப் புள்ளி உதறிக்கொண்டு ஆரஞ்சு நிறத்தில் மலர்ந்தது.

அந்தப் பாராசூட் கீழே வர எட்டு நிமிஷம் ஆனது. கல்யாண ஊர்வலம் போல ஆடி அசைந்து, ஊரே பார்க்க, இரண்டு காடு தள்ளித் தரிசில் இறங்கியது. ஒரு செடிகூடச் சாகவில்லை. ஓடிய பெண்கள் திரும்பி வந்து முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி கேட்டாள், "தேனு எங்கக்கா?" சிரிப்பு நின்றது. மூன்று மணிக்கு மழை பிடித்தது. வேலை நின்றதில் பாதிக் கொடி நனைந்து காய் கறுத்தது.

அன்று சாயங்காலமே இறங்கிப் போய்க் கந்தப்பனிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். பூட்டு ஏழு விநாடி தாமதமாக வெட்டியது, இன்னும் கொஞ்சம் மசகு இறுகியிருந்தால் வெட்டியே இருக்காது, தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

"விரிஞ்சுதுங்களா, இல்லீங்களா?" என்றார்.

"விரிஞ்சுது."

"அப்பறம் என்னுங்க? பொய்யி சொன்னவ கையில இனி வள்ளத்தக் குடுக்க மாட்டேன்."

எங்கள் கூடம் எனக்கு ஒரு மெமோ கொடுத்தது. மூன்று மாதத்தில் அது கோப்புக்குள் போய்விட்டது. அக்காவுக்கு மெமோ கிடையாது, வேலையே போய்விட்டது. மூன்று வருஷம் கட்டட வேலையில் சித்தாளாக மணல் சுமந்தார். மாதன் செத்த அதே மாதிரி சாரத்தின் கீழே. இளமதி நாலு மாதம் அம்மாவோடு பேசவில்லையாம். இதெல்லாம் அருள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேரில் போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

2004இல் கார்த்திகை முடியும் சமயம் போனேன். பூட்டின் மசகை மாற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து நூற்றிருபது சோதித்து முடித்திருந்தோம். அதைச் சொல்லலாம் என்ற சாக்கில் போனேன். கந்தப்பன் காட்டில் களம் கூடியிருந்தது. நடுவில் வள்ளத்தோடு இருசாயி அக்கா உட்கார்ந்திருந்தார். எனக்கு நம்ப முடியவில்லை. இடையில் கந்தப்பனின் அக்கா மகன் அளந்து, தினமும் சாயங்காலம் கைகலப்பு வரை போய், கடைசியில் இருசாயி வந்தால்தான் கொடியில் கை வைப்போம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்களாம். கந்தப்பன் இறங்கி வந்தார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அக்கா அளக்கட்டும், நாற்பது பேரும் கூடவே சத்தமாக எண்ண வேண்டும்.

அப்படித்தான் நடந்தது. அக்கா வள்ளத்தைக் கவிழ்த்து ஒரு எண்ணைச் சொல்ல, நாற்பது வாயும் அதையே திருப்பிச் சொல்லின. திருடியைக் காவல் காப்பது போல இருந்தது எனக்கு. ரத்தம் கொதித்தது. ஒரு குவியல் முடிந்ததும் கந்தப்பனைப் பார்த்து, "இது அநியாயம், அந்த அம்மா உங்களையெல்லாம் காப்பாத்தினதுக்கு இதுதான் மரியாதையா?" என்று கத்திவிட்டேன். களமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

இருசாயி அக்கா வள்ளத்தைத் தரையில் வைத்தார். கோபமில்லை. களைத்துப்போயிருந்தார்.

"சத்தம் போடாதீங்க சாமி. நல்லதுதானுங்க, எண்ணட்டும். நான் தப்பா எண்ணுனா நாப்பது பேருல ஒருத்தி சொல்லிருவா. நீங்க அன்னைக்கு அந்தக் கொட்டாயில ஒத்தையா உக்காந்து எழுதுனீங்க. பக்கத்துல ஒரு ஆளு கூடவே எண்ணியிருந்தா, என்ற புள்ள மேல நான் அப்பிடி உழுந்து கெடந்திருக்க வேண்டாமுங்களே."

களத்தோரமாகப் போய் நின்றேன். அடுத்த குவியல் இளமதியுடையது. அக்கா முதல் வள்ளத்தை அள்ளினார். எல்லோரையும்விடச் சத்தமாக எண்ணியவள் இளமதிதான்.